மேல்நிலை மின்தடக் காவலிகள்: காப்புப்பொருளும் புறப்பரப்பும்

ஆய்வுச் சுருக்கம்

மின்கம்பியைக் கம்பத்திலிருந்தும் கோபுரத்திலிருந்தும் பிரித்துத் தாங்கும் பீங்கான், கண்ணாடி, பாலிமர் உறுப்புகளைத் தமிழ்வழிப் பாடநூல்கள் பெரும்பாலும் ‘மின்சாரத்தைக் கடத்தாத பொருள்’ என்ற அளவில் அறிமுகம் செய்கின்றன. நடைமுறையில் இவ்வுறுப்புகள் தோற்பது பெரும்பாலும் பொருளின் உட்பகுதியில் அன்று; மாசும் ஈரமும் படிந்த புறப்பரப்பிலேயாகும். இவ்வுறுப்பின் வடிவ வளர்ச்சியும் தற்காலத் தரநிலைக் கணக்கீடும் இந்த உண்மையையே மையமாகக் கொண்டுள்ளன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. பொருள், உறுப்பு, உள்முறிவு, புறமுறிவு ஆகிய நான்கிற்கும் தனித்தனிச் சொற்கள் தமிழில் நிலைபெற வேண்டிய தேவையையும் உடன் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: காவலி, காப்புப்பொருள், ஊர்வழி நீளம், மேற்பாய்வு, துளைவு, மாசுப்படிவு, பீங்கான், சிலிக்கோன் ரப்பர்

முன்னுரை

தமிழகப் பள்ளிப் பாடநூல்களில் பொருள்கள் எளிதிற்கடத்திகள், அரிதிற்கடத்திகள் எனப் பிரிக்கப்படுகின்றன. மேல்வகுப்புகளில் மின்காப்பு, மின்காப்பு வலிமை, மின்காப்பு முறிவு போன்ற சொற்கள் வருகின்றன. இவை அனைத்தும் பொருளின் உட்பண்பைக் குறிப்பவை. ஒரு தகடு எத்தனை வோல்ட்டைத் தாங்கும், எந்தப் புலச்செறிவில் அதன் உள்ளமைப்பு உடையும் என்பனவே அங்கு எழும் வினாக்கள்.

கடற்கரையை ஒட்டிச் செல்லும் ஒரு மின்தடத்தில் மழையற்ற கோடை மாதங்களுக்குப் பின் வரும் பனிமூட்டமான விடியலை எண்ணிப் பார்க்கலாம். கம்பத்தின் உச்சியில் உள்ள பீங்கான் சீறும். இருளில் அதன் மேல் நீலமும் மஞ்சளுமான சிறு சுடர்கள் தோன்றி மறையும். சற்று நேரத்தில் மின்னல் போன்ற ஓர் ஒளிவீச்சுடன் தடம் துண்டிக்கப்படும். வெயில் ஏறியபின் அதே பீங்கானைக் கழற்றி ஆய்வகத்தில் சோதித்தால் அது பழுதற்றதாகவே இருக்கும். பொருள் தன் பண்பை இழக்கவில்லை. ஆயினும் உறுப்பு தன் பணியில் தோற்றுவிட்டது. ‘கடத்தாப் பொருள்’ என்ற வரையறையை மட்டும் கொண்டு இந்நிகழ்வை மாணவருக்கு விளக்க இயலாது.

இலங்கைத் தமிழ்வழி அறிவியல் நூல்களில் ‘காவலி’ என்ற சொல் வழங்குகிறது. அங்கு அது பொருளையும் உறுப்பையும் பொதுவாகக் குறிக்கும். இக்கட்டுரை அச்சொல்லைத் தடத்தைத் தாங்கும் உறுப்புக்கு மட்டும் ஒதுக்கிக்கொண்டு, பொருளைக் ‘காப்புப்பொருள்’ எனச் சுட்டுகிறது. மின்வாரியத் தொழிலாளர் வழக்கில் இவை பின், டிஸ்க், ஷேக்கிள் என்றோ, பொதுவாகப் பீங்கான் என்றோ அழைக்கப்படுகின்றன. உறுப்பை அது செய்யப்பட்ட பொருளின் பெயராலேயே அழைக்கும் பழக்கம் இங்கும் இருப்பதைக் கவனிக்கலாம்.

தாங்குதலும் பிரித்தலும்

மேல்நிலைத் தடத்தின் கம்பி உறையற்றது. இரு கம்பங்களுக்கிடையே அதற்குக் காப்பு காற்றுதான். கம்பி எங்கேனும் ஓரிடத்தில் தாங்கப்பட்டாக வேண்டும் என்பதாலேயே காவலி தேவைப்படுகிறது. ஆகவே காவலியின் முதற்பணி எந்திரவியல் சார்ந்தது. கம்பியின் எடை, காற்றின் விசை, தடம் திரும்புமிடத்து இழுவிசை ஆகியவற்றை அது பல பத்தாண்டுகள் சுமக்க வேண்டும்.

பீங்கான் இப்பணிக்கு இயல்பில் ஏற்றதன்று. வெண்களிமண், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் ஆகியவற்றைக் குழைத்து வடிவமைத்து, ஏறத்தாழ 1200 முதல் 1300 பாகை செல்சியசில் சுட்டுப் பெறப்படும் இப்பொருள் அமுக்கத்தைத் தாங்கும் அளவிற்கு இழுவையைத் தாங்காது. இரண்டிற்குமான வேறுபாடு பத்து மடங்கை ஒட்டியது. எனவே இழுவிசையைப் பீங்கானுக்குள் அமுக்கவிசையாக மாற்றும் உத்தி காவலி வடிவமைப்பில் மீண்டும் மீண்டும் வருகிறது. டிஸ்க் காவலியின் மேல் உலோகத் தொப்பியும் அடியில் உலோகத் தண்டும் சிமெண்டால் பதிக்கப்பட்டிருக்கும். தண்டின் தலை கூம்பாக விரிந்திருப்பதால், கீழ்நோக்கி இழுக்கும்போது அது பீங்கானைத் தொப்பியின் உட்சுவரோடு சேர்த்து நெருக்குகிறது. பார்வைக்குத் தொங்குவதுபோல் தோன்றும் பீங்கான் உண்மையில் நசுக்கப்படுகிறது.

இவ்வுத்தியின் எளிய வடிவம் கம்பத்தைச் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியில் உள்ள முட்டை வடிவக் காவலி. மேற்கம்பியின் வளையமும் கீழ்க்கம்பியின் வளையமும் அதன் இரு துளைகளின் வழியே குறுக்குக்குறுக்காகச் செல்கின்றன. பீங்கான் நொறுங்கிப்போனாலும் இரு வளையங்களும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும், கம்பம் விழாது. நிரந்தரமாக நிலத்தொடர்பு தரப்படாத ஸ்டே கம்பிகளில், தரையிலிருந்து 3 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் காவலி இருக்க வேண்டும் என்பது இந்திய மின்பாதுகாப்பு விதி. மேலே மின்கம்பி அறுந்து ஸ்டேயின் மீது படிந்தாலும், மனிதரும் கால்நடையும் தொடும் கீழ்ப்பகுதி உயிரற்றதாக இருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். காவலிகளுள் மிகவும் மலிவானதும் மிகுதியும் புறக்கணிக்கப்படுவதும் இதுவே. நிலத்தொடர்பும் இன்றி இக்காவலியும் இன்றி நிற்கும் ஸ்டே கம்பியில் மாடு உரசினால் நேர்வது என்ன என்பதைக் கிராமப்புறம் அறிந்தோர்க்கு விளக்க வேண்டியதில்லை.

வடிவ வளர்ச்சி

காவலியின் பிறப்பு மின்வழங்கலோடு தொடர்புடையதன்று. அது தந்தியின் உடன்பிறப்பு. 1844இல் வாஷிங்டன், பால்டிமோர் நகர்களை இணைத்த மோர்சின் தந்தித் தடம் முதலில் ஈயக்குழாயில் நிலத்தடியே பதிக்கத் திட்டமிடப்பட்டது. குழாய்க்குள் இருந்த கம்பிகளின் காப்பு கெட்டதால் கம்பியைக் கம்பங்களில் ஏற்ற நேர்ந்தது. கம்பத்தில் ஏறிய கம்பிக்குத் தாங்குமிடத்தில் காப்பு தேவைப்பட்டது.

தொடக்கக்காலக் கண்ணாடிக் காவலிகள் மரமுளையில் செருகப்பட்டிருந்தன. காற்றில் கம்பி ஆடும்போது அவை கழன்று விழுந்தன. 1865இல் லூயி கோவே காவலியின் உட்குழியில் திருகுமரை அமைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இது எந்திரவியல் தீர்வு. 1893இல் அமெரிக்காவின் ஹெமிங்ரே கண்ணாடி நிறுவனம் பெற்ற காப்புரிமையோ வேறு வகையினது. காவலியின் அடிவிளிம்பைச் சுற்றிச் சிறு பற்கள் போன்ற முனைகளை அந்நிறுவனம் அமைத்தது. நீர் விளிம்பில் படலமாகப் பரவி நிற்காமல் முனைகளில் திரண்டு சொட்டிவிடும் என்பது அதன் கருத்து. கண்ணாடியின் தரம் மாறவில்லை. நீர் அதன் மீது நடந்துகொள்ளும் முறையை மாற்ற முயன்றனர்.

1891இல் ஜெர்மனியின் லாஃபென் நீர்மின் நிலையத்திலிருந்து பிராங்பேர்ட் மின்பொருட்காட்சிக்கு 175 கி.மீ. தொலைவு மும்முனை மின்சாரம் செலுத்தப்பட்டது. முதலில் 15,000 வோல்ட்டிலும் பின்னர்ச் சோதனையாக 25,000 வோல்ட்டிலும் இயங்கிய அத்தடத்தின் பீங்கான்களுக்குள் எண்ணெய் நிரப்பிய வளையப் பள்ளங்கள் இருந்தன. புறப்பரப்பில் தொடர்ச்சியான ஈரப்படலம் உருவானாலும் எண்ணெய் அதனை ஓரிடத்தில் அறுத்துவிடும். திறந்த பள்ளத்தில் தூசும் பூச்சியும் விழும், எண்ணெய் குறையும் என்பதால் இம்முறை நிலைக்கவில்லை. எனினும் எதிரி யார் என்பதை அவ்வடிவமைப்பாளர்கள் சரியாகவே அடையாளம் கண்டிருந்தனர்.

எண்ணெயின் இடத்தைக் குடைமடிப்புகள் பிடித்தன. ஒன்றின் கீழ் ஒன்றாக அமைந்த மடிப்புகள் இரு பயன்களைத் தருகின்றன. மழை நனைக்க முடியாத உலர்ந்த அடிப்பரப்பு எப்போதும் ஓரளவு எஞ்சுகிறது. மேலும், கம்பியிலிருந்து முளை வரை பரப்பின் மீதே ஊர்ந்து செல்ல வேண்டிய மின்னோட்டத்தின் பாதை நீள்கிறது. இப்பாதையின் நீளத்தையே இக்கட்டுரை ‘ஊர்வழி நீளம்’ என்கிறது.

மின்னழுத்தம் உயர உயர முளைக் காவலி பருத்துக்கொண்டே போனது. 60, 70 கிலோவோல்ட்டை நெருங்கியபோது அதன் எடையும் விலையும் முளையின் மீதான வளைவிசையும் ஏற்க முடியாதனவாயின. 1907இல் அமெரிக்கப் பொறியாளர்கள் எட்வர்ட் ஹியூலெட், ஹரால்ட் பக் ஆகியோர் காவலியைக் கம்பியின் அடியிலிருந்து எடுத்து, கம்பியையே காவலியின் கீழ்த் தொங்கவிட்டனர். ஒரே பெரிய காவலிக்கு மாற்றாகச் சிறு டிஸ்குகளின் சங்கிலி வந்தது. மின்னழுத்தம் கூடினால் டிஸ்குகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் போதும். சங்கிலியில் மின்னழுத்தம் சமமாகப் பகிரப்படுவதில்லை என்பதும், கம்பியை அடுத்த டிஸ்கே மிகுதியான பங்கை ஏற்கிறது என்பதும், அதனைச் சீர்செய்ய உலோக வளையங்கள் பொருத்தப்படுவதும் மின்பொறியியல் பாடநூல்கள் விரிவாகக் கூறுவனவே.

மாசும் ஈரமும்

பெருமழை காவலிக்குப் பகை என்பது பொதுவான எண்ணம். உண்மையில் பெருமழை காவலியைக் கழுவித் தருகிறது. இடர் தருவன பனி, மூடுபனி, தூறல் ஆகியனவே. அவை மாசை நனைக்கும், அகற்றா.

உலர்ந்த உப்போ சிமெண்ட் தூளோ நிலக்கரிச் சாம்பலோ காவலியின் மீது படிந்திருப்பதால் மட்டும் தீங்கில்லை. ஈரம் சேரும்போது அப்படிவு கரைந்து கடத்தும் படலமாகிறது. சோடியம் குளோரைடு காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டை எட்டும்போதே தானாக நீரை ஈர்த்துக் கரையும். மழைத்துளி விழ வேண்டிய தேவையே இல்லை. படலத்தின் வழியே கசிவு மின்னோட்டம் ஓடி வெப்பம் உண்டாக்குகிறது. டிஸ்கின் விளிம்பில் பரப்பு அகன்றது. தண்டை ஒட்டிய கழுத்தில் குறுகியது. ஒரே மின்னோட்டம் குறுகிய இடத்தில் செறிந்து ஓடுவதால் அங்கு நீர் முதலில் ஆவியாகி ஓர் உலர்வளையம் தோன்றுகிறது. படலம் அறுந்ததும், அதுவரை முழு நீளத்திலும் பரவியிருந்த மின்னழுத்தம் அக்குறுகிய வளையத்தின் மேல் குவிகிறது. அங்குள்ள காற்று அதனைத் தாங்காது, சுடர் எழுகிறது. முன்னர்க் கூறிய விடியற்காலைச் சீறல் இதுவே. பெரும்பாலும் சுடர் அணைந்து மீண்டும் எழும். மணிக்கணக்கில் இவ்வாறே நடக்கலாம். படலம் போதிய அளவு கடத்துவதாயின் சுடர் நீண்டு அடுத்த உலர்வளையத்தின் சுடரோடு இணைந்து, இறுதியில் கம்பியையும் கோபுரத்தையும் ஒரே வில்லாக இணைத்துவிடும். இதுவே மேற்பாய்வு.

உலர்வளையம் நீரின்மையால் பிறக்கிறது என்பது இங்குக் கருதத்தக்கது. முழுதும் உலர்ந்த காவலியும் தூய நீரால் முழுதும் நனைந்த காவலியும் பாதுகாப்பானவை. இரண்டிற்கும் இடைப்பட்ட, உப்புக் கலந்த அரைகுறை ஈரநிலையே ஆபத்தானது.

மாசின் அளவை ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் படிந்த உப்பின் மில்லிகிராம் கணக்கில் மதிப்பிடுகின்றனர். படிவு உப்பு அல்லாததாயினும், அதே கடத்துதிறனைத் தரும் உப்பின் அளவுக்கு அதனை மாற்றிக் கூறுவர். பத்தில் ஒரு மில்லிகிராமே கவலைக்குரிய அளவு. கண்ணுக்கு அது மெல்லிய தூசாகவே தோன்றும்.

பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60815 எண்ணுள்ள ஆவணம் மாசின் கடுமைக்கேற்ப ஊர்வழி நீளத்தை வகுத்தது. தடத்தின் உச்ச மின்னழுத்தத்தின் ஒவ்வொரு கிலோவோல்ட்டுக்கும் 16, 20, 25, 31 மி.மீ. என்பன அதன் நான்கு படிகள். 2008இல் திருத்தப்பட்ட பதிப்பு முனைக்கும் நிலத்திற்கும் இடைப்பட்ட மின்னழுத்தத்தை அடிப்படையாகக் கொண்டதால் எண்கள் மாறின. பழைய 16 இப்போது ஏறத்தாழ 27.8, அதாவது மூன்றின் வர்க்கமூல மடங்கு. பழைய நூலின் எண்ணைப் புதிய அட்டவணையோடு ஒப்பிடும் மாணவர் இதனால் தடுமாறுவது இயல்பு. கீழே பழைய முறையே கையாளப்படுகிறது.

400 கிலோவோல்ட் தடத்தின் உச்ச மின்னழுத்தம் 420 கிலோவோல்ட். குறைந்த மாசுள்ள பகுதியில் தேவைப்படும் ஊர்வழி நீளம் 420 × 16 = 6,720 மி.மீ. 254 மி.மீ. விட்டமுள்ள பொதுவகை டிஸ்க் ஒன்றின் ஊர்வழி நீளத்தை ஏறத்தாழ 300 மி.மீ. எனக் கொண்டால் 22.4, அதாவது 23 டிஸ்குகள் வேண்டும். இந்தியாவின் 400 கிலோவோல்ட் கோபுரங்களில் வழக்கமாகக் காணப்படும் எண்ணிக்கை இதுவே. இச்சங்கிலியில் ஒரு டிஸ்குக்குச் சராசரியாகக் கிடைப்பது ஏறத்தாழ 10 கிலோவோல்ட் மட்டும். தூய நிலையிலுள்ள அதே டிஸ்க், நீர் தெளிக்கப்பட்டபோதும் 40 கிலோவோல்ட்டைத் தாங்கக்கூடியது. இவ்வளவு இடைவெளி விடப்படுவதற்கு இணைப்பு மாற்றங்களின்போது எழும் மிகையழுத்தங்களும் ஒரு காரணம், மாசு மற்றொன்று.

மாசு கடுமையான பகுதியாயின் 420 × 25 = 10,500 மி.மீ. தேவை. பொதுவகை டிஸ்குகள் 35 ஆகும். ஒவ்வொன்றும் 146 மி.மீ. உயரம் எடுப்பதால் 3.4 மீட்டராக இருந்த சங்கிலி 5.1 மீட்டராக நீளும். சங்கிலி நீண்டால் காற்றில் கம்பி ஆடும் வீச்சு கூடும். குறுக்குக்கைகளும் கோபுரமும் பெரிதாக வேண்டும். இதற்கு மாற்றாக, அடிப்பரப்பில் ஆழ்ந்த மடிப்புகள் கொண்ட மூடுபனி வகை டிஸ்கைப் பயன்படுத்தலாம். அதன் ஊர்வழி நீளம் 440 மி.மீ. எனக் கொண்டால் 24 டிஸ்குகளே போதும். காப்புப்பொருளில் மாற்றமில்லை, உயரத்திலும் ஏறக்குறைய மாற்றமில்லை. பரப்பை மடித்ததனால் மட்டுமே இது இயல்கிறது. ஆழ்ந்த மடிப்புக்கும் ஒரு விலை உண்டு. மழையும் காற்றும் அதன் உட்புறத்தைத் தூய்மை செய்வதில்லை. ஈரம் குறைந்த தூசுமிக்க நிலங்களில் மடிப்பற்ற வழுவழுப்பான டிஸ்க் சிறப்பாகச் செயல்படுவது இதனாலேயே.

வட இந்தியச் சமவெளியில் குளிர்கால மூடுபனி நாள்களில் உயர்மின்னழுத்தத் தடங்கள் அடுத்தடுத்துத் துண்டிக்கப்பட்ட நிகழ்வுகள் இச்சிக்கலைத் தேசிய அளவில் உணர்த்தின. ஹெலிகாப்டரிலிருந்து நீரைப் பீய்ச்சிக் காவலிகளைக் கழுவுதலும், பீங்கானுக்கு மாற்றாகப் பாலிமர் காவலிகளைப் பொருத்துதலும் அங்கு மேற்கொள்ளப்பட்டன. தமிழகத்தில் உப்பளங்களும் அனல்மின் நிலையமும் கடலும் ஒருங்கே அமைந்த தூத்துக்குடி போன்ற இடங்களின் தடங்களுக்கு இக்கணக்கு நேரடிப் பொருத்தமுடையது.

மேற்பாய்வும் துளைவும்

மேற்பாய்வு காவலிக்கு வெளியே, காற்றில் நிகழ்வது. முறிப்பான் தடத்தைத் துண்டித்தவுடன் வில் அணையும்; காற்று தன் காப்புத்திறனை மீளப் பெறும்; மறுநொடியே தடத்தை இணைக்கலாம். துளைவு காப்புப்பொருளின் ஊடே நிகழ்வது. அது மீளாது. ஆகவே எந்தக் காவலியும் துளைபடுவதற்கு முன்னரே மேற்பாய்வு நிகழும் வகையில் வடிவமைக்கப்படுகிறது. தோல்வி தவிர்க்க முடியாததாயின், அது புறப்பரப்பிலேயே நிகழ வேண்டும் என்பது வடிவமைப்பாளரின் தெரிவு.

துளைபட்ட பீங்கான் டிஸ்க் வெளித்தோற்றத்தில் முழுமையாகவே இருக்கும். தொப்பிக்குள் மறைந்த மயிரிழைப் பிளவைத் தரையிலிருந்து காண இயலாது. பதித்த சிமெண்ட் காலப்போக்கில் விரிந்து பீங்கானைப் பிளந்தமை தொடக்கக்கால டிஸ்குகளின் பெருங்குறைகளுள் ஒன்று. சங்கிலியில் மற்ற டிஸ்குகள் இருப்பதால் தடம் தொடர்ந்து இயங்கும். பின்னர் ஒருநாள் மேற்பாய்வு ஏற்படும்போது, பழுதான டிஸ்கில் பெருமின்னோட்டம் பரப்பின் மீது செல்லாமல் பிளவின் வழியே செல்லும். அவ்வெப்பத்தில் தொப்பி வெடித்துச் சங்கிலி அறுந்து கம்பி தரையில் விழக்கூடும். கடினமாக்கப்பட்ட கண்ணாடி டிஸ்க் இவ்வகையில் நேர்மையானது. பழுதுற்றால் அதன் கண்ணாடிக் குடை முழுவதும் சிறு துண்டுகளாகச் சிதறிவிடும். தொப்பிக்குள் எஞ்சிய பகுதி சுமையைத் தொடர்ந்து தாங்கும். தடத்தின் கீழ் நடந்து செல்லும் ஊழியர் எந்தக் கருவியுமின்றி அதனை எண்ணிவிடலாம்.

இவ்விரு தோல்விகளையும் தமிழ் எழுத்துவழக்கு ‘மின்முறிவு’ என ஒன்றாகவே வழங்குகிறது. நாளிதழ்களோ இவற்றையும் வீட்டுக் கம்பியின் குறுக்குச்சுற்றையும் சேர்த்து ‘மின்கசிவு’ என்கின்றன. ஒன்று மறுநொடி மீள்வது. மற்றொன்று உயிர்க்கேடு விளைவிக்கும் வரை மறைந்திருப்பது. ஒன்றுக்குத் தீர்வு கழுவுதல். மற்றொன்றுக்குத் தீர்வு மாற்றுதல். இரண்டும் ஒரே சொல்லில் அடங்கும்வரை, விபத்து அறிக்கையைத் தமிழில் படிப்பவர் யார் எதைச் செய்யத் தவறினார் என்பதை அறிய வழியில்லை. மேற்பாய்வு, துளைவு என்பவற்றினும் சிறந்த சொற்கள் அமையலாம். ஆனால் அவை இரண்டாக இருக்க வேண்டும்.

சிலிக்கோன் காவலிகள்

1970களிலிருந்து பரவிய பாலிமர் காவலியில் இரு பணிகளும் இரு பொருள்களுக்குப் பகிரப்பட்டுள்ளன. உள்ளே உள்ள கண்ணாடியிழைத் தண்டு இழுவிசையை ஏற்கிறது. வெளியே உள்ள சிலிக்கோன் ரப்பர் குடைகள் புறப்பரப்பைக் கவனித்துக்கொள்கின்றன. எடை பீங்கான் சங்கிலியின் ஒரு சிறு பகுதியே. சிலிக்கோனின் தனிச்சிறப்பு நீர் ஒட்டாமை. தாமரை இலையில் போல நீர் தனித்தனித் துளிகளாகவே நிற்பதால் தொடர்ச்சியான படலம் உருவாவதில்லை. மேலும், ரப்பரிலுள்ள சிறு மூலக்கூறுகள் மெல்ல வெளியேறி, மேலே படிந்த மாசின் அடுக்கையும் நீர் ஒட்டாததாக மாற்றுகின்றன. பீங்கான் மாசைத் தாங்கிக்கொள்கிறது. சிலிக்கோன் மாசின் இயல்பையே மாற்றுகிறது. தொடர்ந்த ஈரத்திலும் சுடர்களிலும் இப்பண்பு தற்காலிகமாகக் குறையும்; ஓய்வு கிடைத்தால் மீளும். பழைய பீங்கான்களின் மேல் சிலிக்கோன் பூச்சு பூசிப் பயன்பெறும் வழக்கமும் இதனால் எழுந்தது.

புறப்பரப்பின் சிக்கல் தணிந்த இடத்தில் உட்பகுதியின் சிக்கல் எழுந்துள்ளது. ரப்பர் உறையில் நுண்ணிய கீறலோ, உலோக முனையை ஒட்டிய அடைப்பில் குறையோ ஏற்பட்டால் ஈரம் தண்டை அடைகிறது. மின்னிறக்கத்தால் அங்கு அமிலம் உருவாகி, இழுவிசையில் உள்ள கண்ணாடியிழைகளைத் தாக்குகிறது. தண்டு கத்தியால் வெட்டியதுபோல் சீரான தளத்தில் முறியும். முறியும் சுமை அதன் ஏற்புச் சுமையைவிட மிகக் குறைவாகவே இருக்கலாம். ஒரு டிஸ்க் பழுதானால் சுமையைத் தாங்க அதன் எஞ்சிய பகுதியும், காப்பைத் தர மற்ற டிஸ்குகளும் இருந்தன. பாலிமர் காவலியில் இருப்பது ஒரே தண்டு. அதனை ஆராய அகச்சிவப்புப் படக்கருவி, புறஊதாப் படக்கருவி ஆகியவை பயன்படுத்தப்பட்டாலும், தொடக்கநிலைக் குறையை அவை எப்போதும் காட்டுவதில்லை. மாசுமிக்க பகுதிகளில் பீங்கானை அகற்றிப் பாலிமரைப் பொருத்தும் முடிவு பெரும்பாலும் சரியானதே. ஆயினும் சாலை, இருப்புப்பாதை, குடியிருப்பு ஆகியவற்றைக் கடக்கும் கோபுர இடைவெளிகளில் இரட்டைச் சங்கிலியாகவே அதனைப் பொருத்துவது தகும்.